ஓசேஜ் ரிப்பன் வேலையில் ஒரு முழம்

புகைப்படத்தில் பார்த்தால், அமெரிக்கப் பழங்குடியினரான ஓசேஜ் மக்களின் ரிப்பன் வேலை எம்பிராய்டரி போலத்தான் தெரியும். கருநீலக் கம்பளிப் போர்வையின் ஓரத்தில் அம்பு முனைகளும் சாய்சதுரங்களும் நான்கைந்து நிறங்களில் பளபளக்கும். யாரோ மாதக்கணக்கில் உட்கார்ந்து நூலால் நிரப்பியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வோம். கிட்டே போய்ப் பார்த்தால் நூல் நிரப்பிய இடமே இல்லை, எல்லாம் துணி. ஒரு ரிப்பன்மேல் இன்னொன்றை வைத்து, மேலே இருப்பதை வெட்டி, வெட்டிய விளிம்பை உள்ளே மடித்து, மடிப்பைக் கீழ் ரிப்பனோடு தைத்திருக்கிறார்கள். வெட்டு விழுந்த இடத்தில் அடி ரிப்பனின் நிறம் வெளியே தெரிகிறது. வடிவம் என்று நாம் பார்ப்பது பெரும்பாலும் அந்த அடி நிறத்தைத்தான்.

நான் வசிப்பது துல்சாவில். ஓசேஜ் நாட்டினத்தின் தலைநகரான பாஹஸ்கா இங்கிருந்து காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். 1938இல் தொடங்கிய ஓசேஜ் பழங்குடி அருங்காட்சியகம் அங்கே ஒரு குன்றின்மேல் இருக்கிறது. அமெரிக்காவில் ஒரு பழங்குடியே சொந்தமாக நடத்தும் அருங்காட்சியகங்களில் மிகப் பழையது அதுதான். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் துணியைத் தையல்காரக் கண்ணோடு பார்க்கிறவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு: பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க முடியாது. அந்த ஆற்றாமையில்தான் ஒரு முழ நீளத்துக்கு நானே செய்து பார்ப்பது என்று இறங்கினேன்.

இது உடுப்பதற்கு அல்ல, விற்பதற்கும் அல்ல. பழங்குடியினர் அல்லாதவர் செய்ததைப் பழங்குடிக் கைவேலை என்று சொல்லி விற்பது அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் நான் விற்கப்போவதில்லை. எந்தப் போர்வையின் வடிவத்தையும் நகலெடுக்கவும் இல்லை. முக்கோணம், படி, சாய்சதுரம் என்ற பொதுவான கூறுகளை வைத்து நானே ஒரு வார்ப்பு வரைந்தேன். எனக்கு வேண்டியது முறை மட்டும்.

ரிப்பன் வாங்கி வந்த அன்று வீட்டுக்கு வந்த நண்பர் ஒருவர், "ரிப்பன் கடைச் சரக்கு, கம்பளியும் கடைச் சரக்கு. இதில் பழங்குடிக் கலை எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். தோல், இறகு, எலும்பு என்றால்தான் அவருக்குப் பழங்குடி. பலருக்கும் இந்த எண்ணம் இருக்கிறது. எனக்கு இது எரிச்சல் தரும் கேள்வி, ஆனாலும் பதில் சொல்லத் தகுந்த கேள்வி.

ரிப்பன் ஐரோப்பாவிலிருந்து வந்ததுதான். இன்றைய மிசௌரி, ஆர்கன்சா, கான்சஸ், ஓக்லஹோமா மாநிலங்கள் சேரும் பெரும்பரப்பு 18ஆம் நூற்றாண்டில் ஓசேஜ் கையில் இருந்தது. அவர்களை மீறி அங்கே யாரும் வணிகம் செய்ய முடியாது. 1764இல் செயின்ட் லூயிஸ் நகரை நிறுவியவர்களில் ஒருவரான ஓகுஸ்த் ஷூட்டோ, 1794இல் ஸ்பானிய நிர்வாகத்திடமிருந்து ஓசேஜ் வணிகத்துக்கு ஏகபோக உரிமை பெற்றார். தோலும் மென்மயிரும் ஒரு பக்கம் போயின. துப்பாக்கி, கம்பளி, கண்ணாடி மணி, வெள்ளி அணி, பட்டு ரிப்பன் எல்லாம் மறுபக்கம் வந்தன. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் பட்டு ஆடம்பரம் மதிப்பிழந்ததால் விற்காமல் தேங்கிய ரிப்பன்கள் கப்பலேறி அமெரிக்காவுக்கு வந்தன என்று வழக்கமாகச் சொல்வார்கள். எப்படி வந்திருந்தாலும், பிரான்சில் அந்த ரிப்பன் தொப்பியிலும் கவுனிலும் முடிச்சுப் போடுவதற்கானது. அதை நான்கு நிறமாக அடுக்கி, வெட்டி, மடித்து, பாதி வடிவத்தை மறுபாதிக்கு எதிராக நிறுத்தும் யோசனை அங்கிருந்து கப்பலில் வரவில்லை. பெரிய ஏரிகளைச் சுற்றியும் சமவெளியின் கிழக்கு ஓரத்திலும் வாழ்ந்த பல பழங்குடியினர் இந்தக் கலையை வளர்த்தார்கள். ஓசேஜ் கைவேலையில் அது நேர்கோடும் கூர்முனையுமாக, வடிவியல் ஒழுங்கோடு இருக்கிறது.

இனி வேலைக்கு வருகிறேன்.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகவே இரண்டு வகை ரிப்பன் வாங்கினேன்: பாலியெஸ்டர் சாட்டின், அசிடேட் டஃபேட்டா. இரண்டும் 2 அங்குல அகலம். சாட்டின் எங்கும் கிடைக்கும், விலையும் குறைவு. ஆனால் வெட்டிய கணமே பிசிறு விடும், நகத்தால் அழுத்திய மடிப்பு கையை எடுத்ததும் நிமிர்ந்துகொள்ளும். டஃபேட்டா மொடமொடப்பானது. நகத்தால் ஒருமுறை கோடிழுத்தால் மடிப்பு அப்படியே நிற்கும். பழைய வேலைகளுக்குப் பயன்பட்ட பட்டு டஃபேட்டாவின் குணமும் இதுதான். இந்த வேலை ஏன் இப்படிப்பட்ட ரிப்பனில் வளர்ந்தது என்பது இரண்டையும் மடித்துப் பார்த்த ஐந்தாவது நிமிடத்தில் புரிந்துவிடும். அசிடேட்டுக்கு ஒரு குறை உண்டு: தண்ணீர்த் துளி பட்டால் கறை நிற்கும். நீராவி இஸ்திரியை அதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

நிறம் தேர்ந்தெடுக்கும்போது துண்டுகளைச் சுவரில் குத்தி அறையின் மறுகோடியிலிருந்து பார்த்தேன். அரக்கும் கருநீலமும் அருகில் அழகு, பத்தடி தள்ளினால் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. இந்த வேலை பார்க்கப்படும் இடத்தை நினைத்துக்கொள்ள வேண்டும். ஜூன் மாதத்தில் கிரேஹார்ஸ், ஹாமினி, பாஹஸ்கா ஆகிய மூன்று ஊர்களிலும் முறைவைத்து ஓசேஜ் மக்களின் இன்லான்ஷ்கா நடனம் நடக்கிறது. நடுவே பறை, சுற்றி ஆடுகிறவர்கள், அதற்கும் வெளியே வரிசையாக உட்கார்ந்திருக்கிறவர்கள். ஓக்லஹோமாவின் ஜூன் வெயிலில் கம்பளிப் பாவாடையும் ரிப்பன் வேலையும்! ஆடும்போது அசையும் துணியை அத்தனை தூரத்திலிருந்து பார்க்கிறவர் கண்ணுக்கு வடிவம் பிரிந்து தெரிய வேண்டும் என்றால் நிறங்கள் ஒன்றோடொன்று மோத வேண்டும். ஆகவே அடிக்குச் சிவப்பும் கருநீலமும், மேலே மஞ்சளும் வெளிர்நீலமும் என்று முடிவு செய்தேன்.

அடித்தளம் சுலபம். சிவப்பு ரிப்பனையும் கருநீல ரிப்பனையும் நீளவாக்கில் ஓரத்தோடு ஓரம் வைத்து, பின்பக்கமாக நெருக்கமாகத் தைத்துச் சேர்த்தேன். ரிப்பனின் கரை நெய்யும்போதே முடிந்து வருவதால் அங்கே மடிப்பு வேண்டாம். இப்போது 4 அங்குல அகலப் பட்டை, நடுவில் ஒரு நேர்கோடு. இந்தக் கோடுதான் முழு வேலைக்கும் முதுகெலும்பு. இதன் ஒரு பக்கம் நடப்பது மறுபக்கம் கண்ணாடிப் பிம்பமாக நடக்க வேண்டும்.

வார்ப்பை ஓட்ஸ் டப்பா அட்டையில் வெட்டினேன். பாதி வடிவம் மட்டும் போதும்: நடுக்கோட்டை நோக்கி நீளும் ஒரு முக்கோண முனை, அதன் சரிவில் ஒரு சிறு படி. ஒரு வடிவத்துக்கு 3 அங்குலம், ஆறு சேர்ந்தால் 18 அங்குலம், அதாவது ஒரு முழம். மஞ்சளையும் வெளிர்நீலத்தையும் முகத்தோடு முகம் சேர்த்துக் குத்தி, இரண்டிலும் ஒரே நேரத்தில் புள்ளி இட்டுக்கொண்டேன். பிம்பம் தானாகவே அமைந்துவிடும். குறிப்பதை ஒரு முனையிலிருந்து தொடங்காமல் நடுவிலிருந்து இரு பக்கமும் கொண்டுபோவது நல்லது. ஒவ்வொரு வடிவத்திலும் அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் அது ஒரே கோடியில் போய்க் குவியாது. மடிப்புக் கோட்டைச் சாக் பென்சிலால் வரைந்தேன். வெட்டும் கோடு அதிலிருந்து 3 மில்லிமீட்டர் தள்ளி. கூட விட்டால் மூலையில் துணி திரண்டு மேடாகும், குறைய விட்டால் பிசிறு வெளியே வந்துவிடும்.

மேல் ரிப்பன்களை அடிப்பட்டையின்மேல் வைத்து, மடிப்புக் கோட்டிலிருந்து சற்று உள்ளே தள்ளி, மடிக்க இடம் விட்டு, தளர்வான ஓட்டுத் தையல் போட்டேன். அதன் பிறகுதான் கத்தரி. முழு வடிவத்தையும் முதலிலேயே வெட்டிவிடக் கூடாது. ஊசிக்கு முன்னால் ஓர் அங்குலம் வெட்டு, மடி, தை, மறுபடியும் ஓர் அங்குலம். வெட்டாத துணி வெட்டிய துணியைப் பிடித்துவைத்திருக்கும். மேல் ரிப்பனை வெட்டும்போது அடி ரிப்பனில் கத்தரி படாமல் இருக்க, இடையில் ஒரு பழைய விசிட்டிங் கார்டைச் செருகிக்கொள்ளலாம்.

மடிப்பதற்கு விரல் போதாது, ஊசி முனையால்தான் விளிம்பை உள்ளே தள்ள வேண்டும். தள்ளி, இடது கட்டைவிரல் நகத்தால் அழுத்தி, ஹெம்மிங் தையல். ஊசி அடியிலிருந்து மேலே வரும்போது மடிப்பின் விளிம்பில் இரண்டு மூன்று இழையை மட்டும் பிடிக்க வேண்டும். மஞ்சளுக்கு மஞ்சள் நூல், வெளிர்நீலத்துக்கு வெளிர்நீல நூல். ஓர் அங்குலத்துக்குப் பன்னிரண்டு தையலுக்குக் குறைந்தால் சரிவான விளிம்பு அலை அலையாகிறது. சரிவு என்பது கிராஸ், அதாவது இழைக்குச் சாய்வான வெட்டு அல்லவா? நேர் இழையில் அசையாத ரிப்பன் கிராஸில் இழுத்த இழுப்புக்கு வரும். ரவிக்கைக் கழுத்துக்குப் பைப்பிங் வைத்துப் பழகிய கை இதை உடனே உணரும். அங்கே அந்த நெகிழ்வு நமக்கு உதவி, இங்கே அதுதான் தொல்லை.

உண்மையான பரீட்சை மூலைகளில் இருக்கிறது. வெளிமூலை, அதாவது கூர்முனை, பொறுமை இருந்தால் வரும்: நுனியைக் கொஞ்சம் நறுக்கி, முதலில் நுனியை நேராக உள்ளே மடித்து, பிறகு ஒரு பக்கம், பிறகு மறுபக்கம். உள்மூலை வேறு மாதிரி. மடிப்பு திரும்ப வேண்டும் என்றால் மூலைவரை ஒரு வெட்டுக் கொடுத்தாக வேண்டும். மடிப்புக் கோட்டுக்கு ஓரிழை முன்னால் கத்தரி நிற்க வேண்டும். அந்தப் புள்ளியில் மடிக்கத் துணியே இருக்காது. வெட்டுக்கும் அடி ரிப்பனுக்கும் நடுவே இருப்பது தையல் மட்டும்தான். மெழுகு தேய்த்த நூலால் மூன்று தையல் மிக நெருக்கமாகப் போட்டு அந்த இடத்தைப் பூட்டினேன். ஒரு வடிவத்தின் ஒவ்வொரு பாதியிலும் இப்படி இரண்டு மூன்று இடம். பழைய போர்வைகளின் கீழ் விளிம்பு முழுவதும், முன் ஓரத்திலும் ஓடும் பட்டையில் இத்தகைய மூலைகள் எத்தனை இருக்கும் என்று எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டேன்.

இதற்குப் பிறகு வெளி ஓரத்துக்கு ஒரு பல் வரிசை வைத்தேன். ஓசேஜ் வேலையில் வாள்பல் போன்ற இந்த ஓரம் அடிக்கடி வரும். இதற்கு வார்ப்பே வேண்டாம் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. 1 அங்குல அகல ரிப்பனின் ஒரு கரையில் அரை அங்குலத்துக்கு ஒரு வெட்டு, ஒவ்வொரு வெட்டும் கால் அங்குல ஆழம். இப்போது வரிசையாகச் சிறு பட்டிகள் நிற்கும். ஒவ்வொரு பட்டியின் இரண்டு மூலைகளையும் நடுவை நோக்கிப் பின்பக்கம் மடித்தால் ஒரு செங்கோண முனை தானாக வந்து நிற்கும். வெட்டின் ஆழம் பட்டியின் அகலத்தில் சரிபாதியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. ஆழம் கூடினால் முனைக்குக் கீழே வெட்டு திறந்துகொள்ளும். குறைந்தால் மடிப்பு நடுவைத் தொடாமல் முனை மொட்டையாகும். டஃபேட்டாவில் இதை நகத்தாலேயே முடித்துவிடலாம். சாட்டினில் ஒவ்வொரு பல்லுக்கும் இஸ்திரி கேட்டது, அதுவும் சூடு கொஞ்சம் கூடினால் பளபளப்பு போய்விடுகிறது. சாட்டினை அங்கேயே ஒதுக்கிவைத்தேன்.

இன்று பலரும் இதைத் தையல் இயந்திரத்தில் ஜிக்ஜாக் தையலால் செய்கிறார்கள். அதைக் குறைத்துப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு குடும்பத்தில் பலருக்கு உடை தயாராக வேண்டும், ஜூன் மாதமோ காத்திருக்காது. 1982இல் அமெரிக்கத் தேசியக் கலை நிதியம் மரபுக் கலைஞர்களுக்கான விருதை முதன்முறையாக வழங்கியபோது, அந்த முதல் அணியிலேயே ஜார்ஜியான் ராபின்சன் என்ற ஓசேஜ் ரிப்பன் கலைஞரும் இருந்தார். ரிப்பனைக் கடைச் சரக்கு என்று அன்றைக்கு யாரும் ஒதுக்கவில்லை.

பட்டையைத் தைத்து முடித்ததும் அதை ஏற்ற ஒரு கம்பளித் துண்டு வேண்டியிருந்தது. இங்கேயும் வணிகக் கதைதான். இங்கிலாந்தில் குளோஸ்டர்ஷர் மாவட்டத்தில் உள்ள ஸ்ட்ரௌட் ஊர் இந்தத் துணிக்கே தன் பெயரைக் கொடுத்தது. நெய்து முடித்த துணியைச் சாயத்தில் தோய்க்கும் முன் அதன் கரையை இறுக்கிக் கட்டித் தைத்துவிடுவார்கள். சாயம் அங்கே ஏறாது. பிரித்தால் கரை வெள்ளையாக, உள் விளிம்பில் சாயம் கசிந்த பல்பல்லான கோட்டோடு இருக்கும். வேறு யாராவது என்றால் அந்தக் கரையை வெட்டி எறிந்திருப்பார்கள், அல்லது உள்ளே மறைத்துத் தைத்திருப்பார்கள். ஓசேஜ் பெண்களும் அண்டைப் பழங்குடியினரும் அதை வெளியே தெரியும்படி வைத்து உடுத்தினார்கள். பின்னாளில் பல நிறக் கோடுகள் ஓடும் வானவில் கரைத் துணியும் வந்தது. எனக்குக் கிடைத்தது வெள்ளைக் கரை போட்ட கருநீலத் துணி. பட்டையைக் கரைக்கு இணையாக வைத்து இரு ஓரத்திலும் தைத்தேன். கம்பளி தடிப்பானாலும் ஊசி வெண்ணெயில் போவதுபோல் இறங்குகிறது. ஆனால் குறுக்கு இழையில் நீளும். ஆகவே பட்டையைக் கொஞ்சமும் இழுக்காமல் மேசையில் படுக்கவைத்தே தைக்க வேண்டும்.

இப்படி வெளியிலிருந்து வந்ததைத் தன்னுடையதாக மாற்றியதில் உச்சம் என்று நான் நினைப்பது திருமணக் கோட்டு. 1804இல் ஓசேஜ் தலைவர்கள் வாஷிங்டன் சென்று அதிபர் ஜெஃபர்சனைச் சந்தித்தார்கள். அந்தக் காலத்தில் அமெரிக்க அரசு பழங்குடித் தலைவர்களுக்கு இராணுவக் கோட்டுகளைப் பரிசாகக் கொடுப்பது வழக்கம். ஓசேஜ் ஆண்கள் நெடுநெடுவென உயரம். கோட்டு அளவுக்குப் பொருந்தாததால் தலைவர் அதை மகளுக்குக் கொடுத்துவிட்டார் என்று சொல்கிறார்கள். பித்தளைப் பொத்தானும் தோள் குஞ்சமும் உள்ள அந்த உடை மணப்பெண்ணின் உடையாயிற்று. கோட்டுக்குமேல் கையால் பின்னிய அகலமான கம்பளிக் கச்சை, தலையில் இறகுக் கொண்டை வைத்த உயரத் தொப்பி. பழைய முறைத் திருமணங்கள் 20ஆம் நூற்றாண்டில் நின்றுபோன பிறகும் கோட்டு நிற்கவில்லை. இன்லான்ஷ்காவில் பறைக் காப்பாளர் பொறுப்பு புதியவரிடம் வரும்போது அவர் தரப்புப் பெண்கள் அந்த மணக்கோலத்தில் வருகிறார்கள், அந்த உடைகளையே பரிசாகக் கொடுத்தும்விடுகிறார்கள். அரசு ஒரு தலைவரைத் தன் பக்கம் இழுக்கக் கொடுத்த கோட்டு, கொடுப்பவரின் பெருமையைக் காட்டும் உடையாகிவிட்டது. நண்பருக்கு நான் சொன்ன பதில் இதுதான். அவர் ஒப்புக்கொண்டாரா என்று கேட்காதீர்கள்.

அந்தக் கச்சையின் முறையையும் தொட்டுப் பார்த்தேன், ஆழமாக அல்ல. தறி கிடையாது, விரல்தான். தொங்கும் பாவு நூல்களில் ஒன்றையே எடுத்து மற்றவற்றின் ஊடே ஊடையாக ஓட்டி, மறுபடி பாவில் சேர்த்துவிட வேண்டும். நடு நூலிலிருந்து இரு பக்கமும் வெளியே ஓட்டினால் கூம்பு வரிசை வருகிறது, அதுவரை எனக்குக் கைவந்தது. ஓசேஜ் கச்சைகளில் காணும் அம்பு முனைக்கும் மின்னல் கோட்டுக்கும் இரண்டு நிற நூல்கள் நடுவழியில் ஒன்றையொன்று கொக்கிபோட்டுத் திரும்ப வேண்டும். இடையிடையே வெள்ளை மணியும் கோப்பார்கள். ஸ்வெட்டர் பின்னும் கம்பளி இதற்கு உதவாது, இழுத்தால் நீண்டு பின்னல் தளர்ந்துவிடும். முறுக்கேறிய நூல் வேண்டும். அதற்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டும்.

முடிந்த துண்டை மடித்துவைக்காமல் அட்டைக் குழாயில் சுற்றி வைத்திருக்கிறேன். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பட்டுக்கு எடை கூட்ட உலோக உப்புகளை ஏற்றினார்கள். அந்தக் காலப் பட்டு மடிப்பு விழுந்த இடத்திலேயே கண்ணாடிபோல் நொறுங்கும். என்னுடையது அசிடேட்தான், நொறுங்காது. ஆனாலும் ஒரு முழத்துக்கு இத்தனை மடிப்பு வைத்த பிறகு இன்னொரு மடிப்பு விழ மனம் ஒப்பவில்லை. மீதி இருப்பது ஓர மணி. பல பழைய போர்வைகளில் ரிப்பன் பட்டையை ஒட்டிச் சிறு வெள்ளை மணிகள் வரிசையாக ஓடும். மணியும் அதன் துளைக்குள் நுழையும் மெல்லிய ஊசியும் வாங்கியாயிற்று. அந்த ஊசி இந்தக் கம்பளியின் தடிப்பைத் தாங்குமா, வளைந்துவிடுமா என்பதைத் தைத்துத்தான் பார்க்க வேண்டும்.